இல்லறக் கணக்கு: அலமாரியில் இருந்தவர்கள்

ஆவணி முடிந்து புரட்டாசி பிறக்கும் நாட்களில் நம் வீடுகளில் பரண்கள் திறக்கப்படும். பழைய வேட்டியில் சுற்றிய பொம்மைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். எது கொலுப்படிக்கு, எது பூஜை அறைக்கு, எது வரவேற்பறைக்கு என்ற பேச்சு எழும். வீட்டின் மூத்தவர் காலமான பின் வரும் முதல் கொலுவாக அது இருந்துவிட்டால், அந்தப் பேச்சோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்து கொள்ளும்: இவை யாருக்கு? இவற்றின் மதிப்பு என்ன?

அப்படி ஒரு வீட்டை மனத்தில் வைத்துக் கொள்வோம். வீடு வரதராஜன்பேட்டையில் இருக்கட்டும். அரியலூர் மாவட்டத்தில் முந்திரித் தோப்புகளும் செம்மண்ணும் சூழ்ந்த பேரூர் அது. பெயரில் வரதராஜப் பெருமாள் குடியிருக்கிறார். ஊரில் அலங்கார அன்னையின் ஆலயம் இருக்கிறது. ஒரு வீட்டில் திருநீறும் அடுத்த வீட்டில் ஜெபமாலையுமாகத் தலைமுறைகள் வாழ்ந்துவரும் ஊர்.

தாயாருக்கு ஆண்டுத் திதி முடிந்த மறுநாள். இரண்டு மகன்களும் ஒரு மகளும் கூடத்தில் அமர்ந்திருக்கிறார்கள். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி திறந்திருக்கிறது. கும்பகோணத்தில் நெடுங்காலம் பாத்திரக்கடை நடத்திய தாய்மாமனை மூவரும் அழைத்திருந்தார்கள். பங்கு பிரிப்பதற்கு முன் பொருளின் மதிப்பைச் சொல்ல ஒருவர் வேண்டும் அல்லவா?

"மாமா, நீங்க சொல்றதுதான் கணக்கு" என்றார் மூத்தவர்.

"கணக்குச் சொல்லிடலாம்பா. எந்தக் கணக்குன்னு நீங்கதான் சொல்லணும்" என்றார் மாமா.

அவர் கேட்டது வீண் கேள்வி அன்று. வங்கியில் நகை அடகு வைக்கப் போனால் மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசுவார். கல், அரக்கு ஆகியவற்றின் எடையைக் கழிப்பார். தங்கத்தின் எடைக்கு மட்டும் மதிப்புப் போடுவார். அதே நகையைக் கடையில் புதிதாக வாங்கப் போனால் செய்கூலியும் சேதாரமும் சேர்ந்த வேறு தொகை வரும். பாட்டி அணிந்திருந்தது என்பதற்கு அவ்விரண்டு இடத்திலும் காலணா கூடுதல் கிடையாது. வீட்டில் இருக்கும் தெய்வ உருவங்களுக்கும் இதுவே விதி. உலோகத்தின் எடை மதிப்பு ஒன்று. சந்தையில் விற்றால் கிடைப்பது ஒன்று. அதுபோல் மற்றொன்று வாங்க ஆகும் செலவு ஒன்று. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக் கொள்வதால்தான் பல வீடுகளில் உடன்பிறந்தார் இடையே மனத்தாங்கல் வருகிறது.

முதலில் வெளியே வந்தது தவழும் பாலகிருஷ்ணன். மஞ்சள் நிறம், உள்ளங்கை அளவு. "பஞ்சலோகம்" என்றார் மூத்தவர். மாமா முகத்தைப் பார்க்கவில்லை. புரட்டி முதுகையும் அடிப்பகுதியையும் பார்த்தார். முன்புறத்தை எவரும் மெருகேற்றி வைப்பார்கள். செய்தவனின் கைத்திறனும் அவசரமும் பின்புறத்தில்தான் தெரியும். இடுப்பின் இரு பக்கமும் மேலிருந்து கீழாக அரத்தால் தேய்த்த கோடு ஒன்று ஓடிற்று. இரண்டு பாதி அச்சுகள் கூடும் இடத்தில் விழும் தழும்பு அது. மணல் அச்சில் ஒரே மாதிரியாகப் பல நூறு வார்க்கும் பித்தளை உருவங்களில் அதைக் காணலாம். உத்தரப் பிரதேசத்தின் அலிகார், மொராதாபாத் பட்டறைகளிலிருந்து நாடெங்கும் வரும் உருவங்களில் பல இவ்வகையே.

சுவாமிமலை ஸ்தபதிகளின் முறை வேறு. தென்னங்கீற்றை மடித்து தாள அளவு எடுத்து, தேன்மெழுகோடு குங்கிலியம் கலந்து உருவம் சமைப்பார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, உலர்த்தி, சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறிய பின் மண் அச்சை உடைத்தால்தான் உருவம் வெளிவரும். ஆகவே ஓர் அச்சுக்கு ஓர் உருவமே. பிறகு நாட்கணக்கில் உளி வேலை நடக்கும். இத்தகைய உருவத்தில் கூட்டுக்கோடு இராது. முதுகில் விழும் பூணூல் மடிப்பும் விரல் நகமும்கூட உளியால் தீர்ந்திருக்கும். விலையில் பெரும்பகுதி இந்த உழைப்புக்குத்தான்.

"பஞ்சலோகம்னா தங்கம் இருக்கும்ல மாமா?" என்று மகள் கேட்டாள்.

இருக்கும், வார்ப்பவர் சாத்திரத்துக்காகச் சேர்க்கும் சிறு துணுக்காக இருக்கும். செம்பே பெரும்பகுதி. பித்தளையும் ஈயமும் அடுத்து. பொன்னும் வெள்ளியும் பெயரளவுக்கு. பஞ்சலோகம் என்ற சொல்லைக் கேட்டுத் தங்கத்தின் விலையை மனத்தில் போட்டுக் கொள்வது ஏமாற்றத்தில்தான் முடியும்.

மாமா ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கேட்டார். சமையலறைத் தராசில் கண்ணனை நிறுத்தார்: 510 கிராம். விளிம்பு வரை நீர் நிரப்பிய செம்பில் நூல் கட்டி மெல்ல இறக்கினார். வழிந்த நீரைப் பிடித்து அளந்தால் 60 மில்லி. 510ஐ 60ஆல் வகுத்தால் எட்டரை. பித்தளைக்கு ஏறக்குறைய அந்த அடர்த்திதான். செம்பு ஒன்பதை நெருங்கும். இரும்பு எட்டுக்குச் சற்றுக் கீழ். அலுமினியம் மூன்றைக்கூட எட்டாது. அடுத்து வந்த பொன்னிற லட்சுமி கண்ணைப் பறித்தாள். எடை 330 கிராம், வழிந்த நீர் 50 மில்லி. ஆறரை சொச்சம். துத்தநாகக் கலவையின் மீது பூசிய பொன்னிறம் அது.

இந்தச் சோதனையை எந்த வீட்டிலும் செய்யலாம். உள்ளே பொள்ளலான உருவமாக இருந்தால் குமிழி அடங்கும் வரை நீருக்குள் வைத்திருக்க வேண்டும். இல்லையேல் கணக்குப் பிசகும். காந்தத் துண்டு ஒட்டினால் உள்ளே இரும்பு உண்டு என்று அறியலாம். பித்தளையும் பஞ்சலோகமும் எடையில் நெருங்கிய உறவுக்காரர்கள். அவற்றைத் தராசு பிரித்துக் காட்டாது, முதுகுப்புறமே காட்டும். வண்ணம் தீட்டிய மண், மரம், சாந்து உருவங்களை ஒருபோதும் நீரில் இறக்கக் கூடாது.

மூன்றாவதாக வந்தவர் மரத்தாலான முருகன். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரில் தாயார் வாங்கியது. பச்சைமலை அடிவாரத்து அந்த ஊரில் கோயில் தேர்களுக்கும் வாகனங்களுக்கும் உருவம் செதுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவ்வூர் மரச்சிற்பத்துக்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல மரச்சிற்பம் ஒரே கட்டையில் பிறக்கும். ஒட்டு இருக்கிறதா என்பதை மரத்தின் ரேகை சொல்லிவிடும்: வேலைப் பிடித்த கையில் ஓடும் ரேகை தோளிலும் தொடர வேண்டும். "இது ஒரே கட்டை" என்று மாமா வேட்டி நுனியால் துடைத்து வைத்தார். அலமாரியில் அதுவரை வந்தவற்றில் உண்மையில் விலை மதிப்புள்ளது அந்த முருகன்தான். அதை யாருமே எதிர்பார்த்திருக்கவில்லை.

இளையவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த வெண்பீங்கான் விநாயகரும் இருந்தார். பீங்கானுக்கு அடிப்பாகமே ஜாதகம். ஸ்பெயின் நாட்டில் வலென்சியா நகரருகே சகோதரர்கள் மூவர் 1953இல் தொடங்கிய லியாத்ரோ நிறுவனம், தான் செய்யும் உருவங்களின் அடியில் நீல நிறத்தில் மணிப்பூச் சின்னம் பொறிக்கிறது. தேவதைகளும் சிறுமிகளும் செய்து புகழ்பெற்ற அந்நிறுவனம் நம் விநாயகரையும் செய்கிறது. ஜெர்மனியில் ஹும்மல் என்ற கன்னியாஸ்திரீ வரைந்த குழந்தைப் படங்களைக் கொண்டு 1935 முதல் செய்யப்பட்ட பொம்மைகளுக்கும் அடிமுத்திரைதான் அடையாளம். முத்திரை, பெட்டி, ரசீது மூன்றும் இருந்து, விரல் நுனியும் உடையாமல் இருந்தால்தான் சேகரிப்போர் நல்ல விலை தருவர். இந்த விநாயகரின் அடியில் ஒரு காகித ஒட்டு மட்டுமே இருந்தது. "அழகா இருக்கார். அவ்வளவுதான்" என்றார் மாமா. இளையவர் சிரித்துவிட்டார்.

அதன்பின் வந்தது தேவதை.

ஒரு முழத்தில் பாதி உயரம். வெள்ளை அங்கி, கூப்பிய கரங்கள், முதுகில் இரண்டு சிறகுகள். இடச்சிறகு ஒருமுறை ஒடிந்து ஒட்டப்பட்டிருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் மகள் பத்தாம் வகுப்பில் தேறியபோது அடுத்த வீட்டு டீச்சரம்மா கொடுத்தது.

"நம்ம சாமி அலமாரியில இது எதுக்கு? தூக்கிப் போட்டுடலாம்" என்றார் மூத்தவரின் மனைவி. கடுமையாகச் சொல்லவில்லை, வீட்டைத் துப்புரவாக வைத்துக் கொள்பவர்களின் குரலில் சொன்னார்.

மகள் முகம் வாடிற்று. "அண்ணி, அம்மா ஒவ்வொரு வருஷமும் கொலுவுல பூங்காவுக்குப் பக்கத்துல இதை வெச்சாங்க. நீங்களே பார்த்திருக்கீங்க."

தேவதை என்ற சொல் நமக்கு அந்நியமானதன்று. நம் கோயில் சுவர்களில் கந்தர்வரும் வித்தியாதரரும் மாலை ஏந்திப் பறந்து கொண்டுதான் இருக்கிறார்கள். மாமல்லபுரத்துப் பெரும்பாறையில் விண்ணவர் கூட்டம் சிறகின்றியே பறக்கிறது. மடித்த காலும் சாய்ந்த உடலுமே பறத்தலைக் காட்டிவிடுகின்றன. மேற்கத்தியச் சிற்பிகள் சிறகு கொடுத்தார்கள். நம் சிற்பிகள் வளைவு கொடுத்தார்கள். இந்த வட்டாரத்துக்கே இன்னொரு வரலாறும் உண்டு. அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர், கோணான்குப்பத்தில் மரியன்னைக்குத் தமிழ்நாட்டுப் பெண்ணைப் போலச் சேலை அணிவித்தார்; பெரியநாயகி என்று பெயரும் சூட்டினார்.

இவ்வளவு ஏன்? மதுரைக்கு அருகே விளாச்சேரியில் வேளார் குடும்பங்கள் புரட்டாசிக்குக் கொலு பொம்மை செய்கின்றன. கொலு முடிந்ததும் அதே கைகள், அதே களிமண்ணில், மார்கழியில் வரும் கிறிஸ்துமஸ் குடிலுக்கு மாட்டையும் இடையரையும் தேவதையையும் செய்கின்றன. இந்த இரு பண்டிகைகளும் சேர்ந்தே அந்தக் குடும்பங்களுக்கு உலை வைக்கின்றன.

மாமா தேவதையைத் தலைகீழாகத் திருப்பினார். அடியில் துளை, உள்ளே வெற்றிடம், விரலால் தடவினால் வெண்மாவு ஒட்டியது. "பாரிஸ் சாந்து. எடைக்குக்கூட எவனும் எடுக்க மாட்டான்" என்றார். கடைகளில் பளிங்கு என்று விற்கப்படும் தேவதைகளிலும் தெய்வங்களிலும் பெரும்பாலானவை இப்படிச் சாந்தோ, பளிங்குப் பொடி கலந்த பிசினோதான். உண்மைப் பளிங்கு தொட்டால் குளிரும், கனக்கும், உள்ளே ரேகை ஓடும். பிசின் கையின் சூட்டை உடனே வாங்கிக் கொள்ளும். மடிப்புகளில் சிறு காற்றுக்குழிகள் தெரியும். இவற்றுக்கு அபிஷேகம் ஆகாது. உலர்ந்த துணியே போதும்.

"அப்ப இதுக்கு மதிப்பு?" என்றார் இளையவர்.

"பங்குப் பட்டியல்ல பூஜ்யம்னு எழுது. யாருக்கு வேணுமோ அவங்க எடுத்துக்கட்டும்" என்றார் மாமா. மகள் அதை மடியில் வைத்துக் கொண்டாள்.

அண்ணி கேட்டதிலும் ஒரு நியாயம் உண்டு. பூஜைக்கு உரியது வேறு, அழகுக்கு உரியது வேறு என்ற வரம்பை நம் முன்னோர் வகுத்தே வைத்தார்கள். நித்திய பூஜைக்கு உரிய விக்கிரகம் வீட்டில் சிறியதாக இருக்க வேண்டும். ஒரு சாணுக்கு மேற்பட்டால் கோயில் முறைப்படி அபிஷேகமும் நைவேத்தியமும் தவறாமல் நடக்க வேண்டும் என்பார்கள். பின்னமானதை ஆராதிப்பதில்லை, நீர்நிலையில் சேர்ப்பது வழக்கம். சாந்தில் செய்து இரசாயன வண்ணம் பூசியவற்றுக்கு அந்த வழியும் இன்று பொருந்தாது; அவை நீரில் கரையாமல் குளத்தைக் கெடுக்கும். கொலுவோ வேறு. அங்கே தெய்வங்களோடு செட்டியார் கடையும் திருமண ஊர்வலமும் காவலரும் இருப்பார்கள். படைப்பு முழுவதும் அம்பிகையின் சபைக்கு வந்து நிற்பதே கொலு. அங்கே ஒரு தேவதைக்கு இடம் இல்லாமற் போகாது.

அலமாரியின் கீழ்த்தட்டில் இன்னும் ஒன்று இருந்தது. மஞ்சள் துணியில் சுற்றியிருந்தது.

மூத்தவர் அதை எடுக்கும்போதே அவர் கை சற்று நடுங்கிற்று. ஒன்றரைச் சாண் உயர அம்மன். தாத்தா காலத்தில் நிலத்தில் கிணறு வெட்டும்போது கிடைத்தது என்று வீட்டில் சொல்லிக் கேள்வி. தாயார் அதற்கு விளக்கு மட்டும் காட்டுவார். நைவேத்தியம் வைத்ததில்லை. கேட்டால், "அவ நம்ம வீட்டுக்கு வந்திருக்கிற விருந்தாளி. போற இடம் வேற" என்பார்.

மாமா வெகுநேரம் பேசவில்லை. கூட்டுக்கோடு இல்லை. மூக்கும் விரல்களும் கூர்மை மழுங்கியிருந்தன. பல தலைமுறை அபிஷேகத்தில் தேய்ந்த மழுங்கல் அது. மடிப்புகளில் பச்சைக் களிம்பு ஊறிக் கல்லாகியிருந்தது. பீடத்தைத் திருப்பியபோது இரு பக்கமும் துளையிட்ட காதுகள் தெரிந்தன. உற்சவத்தின்போது உருவம் அசையாதபடி கட்டுவதற்கான அமைப்பு அது. வீட்டு பூஜைக்குச் செய்த உருவத்துக்கு அதற்குத் தேவையே இல்லை.

"இதுக்கு நான் விலை சொல்ல மாட்டேன்" என்றார்.

"ஒருத்தர் சொல்லியிருக்கார் மாமா" என்றார் மூத்தவர் தலைகுனிந்து. ஒரு தரகர் போட்டோ கேட்டாராம். பெரிய தொகை; கையில் ரொக்கம்; ரசீது, எழுத்து எதுவும் வேண்டாம் என்றாராம்.

கூடத்தில் அமைதி நிலவிற்று.

இந்த மாவட்டத்தார் அந்த அமைதியின் பொருளை அறிவார்கள். ஸ்ரீபுரந்தான் பிரகதீஸ்வரர் கோயில் அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. பூட்டிக் கிடந்த அந்தக் கோயிலிலிருந்து 2006இல் நடராஜர் திருடப்பட்டார். நியூயார்க் கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூர் வழியே 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அவரை 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. உலகறிந்த நிறுவனம், வல்லுநர்கள், ஆவணங்கள் எல்லாம் இருந்தன. ஆவணங்கள்தாம் பொய். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன் கோயில்களில் எடுத்து வைத்திருந்த புகைப்படங்கள் உண்மையைச் சொல்லின. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் நடராஜரை இந்தியப் பிரதமரிடம் ஒப்படைத்தார். கபூர் 2011இல் ஜெர்மனியில் பிடிபட்டு, மறு ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

இன்னொன்று வீடுகளுக்கு மேலும் நெருக்கமான பாடம். இதே மாவட்டத்துப் பொட்டவெளி வெள்ளூரில் வரதராஜப் பெருமாள் கோயில் அனுமன் 2012 ஏப்ரலில் களவு போனார். ஏலத்தின் வழியே கடல் கடந்து ஆஸ்திரேலியாவில் ஒரு தனிமனிதரிடம் போய்ச் சேர்ந்தார். வாங்கியவர் அது திருட்டுப் பொருள் என்று அறிந்திருக்கவில்லை. 1961இல் பிரெஞ்சு நிறுவனம் பதிவு செய்த படம் அனுமனை அடையாளம் காட்டிற்று. 2023 பிப்ரவரியில் அவர் தாயகம் திரும்பினார். ஒருவர் ஆசையோடு வாங்கி வைத்த அழகுப் பொருள் ஓர் ஊரே கும்பிட்ட தெய்வமாக இருந்திருக்கிறது.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. மண்ணுக்கடியில் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட எந்தப் புதையலையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் கூறுகிறது. தொல்பொருட்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் 1972இல் இயற்றப்பட்டு 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி நூறாண்டு கடந்த சிற்பங்கள் தொல்பொருள். வைத்திருப்பவர் பதிவு அலுவலரிடம் பதிய வேண்டும். கை மாற்றினால் தெரிவிக்க வேண்டும். உரிமம் இன்றி வணிகம் செய்யக் கூடாது. தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. பரம்பரையாக வீட்டு பூஜையில் இருந்துவரும் பழைய விக்கிரகத்தை வைத்திருப்பது குற்றமன்று. மறைப்பதும் மறைத்து விற்பதும்தான் குற்றம்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றும் உண்டு. புதிதாக வார்த்த உருவத்துக்கு அமிலம் பூசி, மண்ணில் புதைத்து எடுத்து, ஆயிரம் ஆண்டுப் பழமை என்று விற்பார்கள். அரிசியை இழுக்கும் கலசம், இரிடியம் என்று சொல்லிச் சேமிப்பையெல்லாம் பறித்தவர்களைப் பற்றி நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோம். ரசீது வேண்டாம் என்பவரிடம் விற்பதும் கூடாது, வாங்குவதும் கூடாது. புதிதாக வாங்க விரும்புவோர்க்கு அரசின் பூம்புகார் விற்பனை நிலையங்கள் உள்ளன; சுவாமிமலை ஸ்தபதிகளின் பட்டறைகள் உள்ளன. உலோகம், எடை, உயரம், செய்த இடம், நாள் ஆகியவை எழுதிய ரசீதைப் பெற்றுப் பத்திரப்படுத்தினால், நாளைக்குப் பிள்ளைகள் விமானத்தில் கொண்டு போகும்போதும் அது புதியது என்பதற்கு அதுவே சாட்சி.

"இத்தனை வருஷம் சொல்லாம இருந்துட்டோமே மாமா. இப்ப போய்ச் சொன்னா நம்மையே கேட்பாங்களே" என்றார் இளையவர்.

"கேட்பாங்க. கிணறு எங்க, எப்பன்னு தெரிஞ்சதைச் சொல்லுங்க. நாமளா போய்ச் சொல்றது வேற, அவங்க வந்து எடுக்கிறது வேற."

மூத்தவர் அம்மனையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு, யாரும் கேளாமலே, மகள் திருமணத்துக்கு வாங்கிய கடன் இன்னும் முடியவில்லை என்றும், இரண்டு ஆண்டாக முந்திரி விளைச்சல் கைகொடுக்கவில்லை என்றும் சொன்னார். உடன்பிறந்தவர்கள் இருவருக்கும் அது அன்றுவரை தெரியாது.

"எங்கிட்ட ஏண்ணே சொல்லல?" என்றார் இளையவர்.

அதற்கு மூத்தவர் பதில் சொல்லவில்லை. மாமா எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். அண்ணன் தம்பி பேசிக் கொள்ளும் இடத்தில் மதிப்பீட்டாளருக்கு வேலை இல்லை.

அன்று மாலைக்குள் பங்குப் பட்டியல் முடிந்தது. அரும்பாவூர் முருகனை மூத்தவருக்கே விட்டார்கள். அவர் விற்க மாட்டேன் என்று சொல்லி வாங்கிக் கொண்டார். பித்தளைகள் எடைபோட்டுப் பிரிந்தன. கடனுக்கு மாதாமாதம் யார் எவ்வளவு என்பது தனித் தாளில் எழுதப்பட்டது. முழுவதும் தீர இன்னும் சில ஆண்டுகள் ஆகும்.

அம்மனைப் புளி போட்டுத் துலக்கிக் கொண்டு போகலாம் என்று அண்ணி சொன்னார். மாமா தடுத்துவிட்டார். பழைய உலோகத்தின் மேல் படிந்திருக்கும் களிம்பு அதன் வயதுக்குச் சான்று. புளியும் எலுமிச்சையும் அதை அழித்துவிடும். ஆகவே இருந்தபடியே, புது மஞ்சள் துணியில் சுற்றி, ஒரு தாம்பாளத்தில் பூவோடு வைத்து, மூவரும் சேர்ந்தே வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனார்கள். எங்கே, எப்போது, யார் கண்டது என்று அறிந்ததை எழுதிக் கொடுத்தார்கள். உயரமும் எடையும் குறித்து அதிகாரி ஒப்புகைச் சீட்டு தந்தார். கிளம்பும்போது மூத்தவர் மட்டும் ஒரு முறை திரும்பிக் கும்பிட்டார்.

அந்த ஒப்புகைச் சீட்டு இப்போது அலமாரியின் கீழ்த்தட்டில், அம்மன் இருந்த இடத்தில் இருக்கிறது.

நவராத்திரி முதல் நாள் ஐந்து படி கட்டினார்கள். கீழே மணல் பரப்பி முளைப்பாரி வைத்துப் பூங்கா அமைத்ததும், மகள் தன் பையிலிருந்து தேவதையை எடுத்து அண்ணியிடம் நீட்டினாள். அண்ணி அதைப் புரட்டி ஒட்டிய சிறகைப் பார்த்தார். "அத்தை ஒட்டினதா?" என்று கேட்டார். பிறகு அந்தச் சிறகு சுவர்ப்பக்கம் இருக்குமாறு திருப்பி, கவனமாகப் பூங்காவின் அருகே நிறுத்தினார்.

சுண்டல் வாங்க வந்த டீச்சரம்மா அதைக் கண்டு ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது வழக்கம்போல் ஒன்றை நினைவூட்டினார்: மார்கழியில் குடில் கட்டும்போது கொலுவின் மண் பசு ஒன்று அவர் வீட்டுக்குப் போக வேண்டும். ஆண்டுதோறும் தாயார் கொடுத்தனுப்புவார்.

"நானே கொண்டாந்து தரேன் டீச்சர்" என்றார் அண்ணி.